பெரிய நாய்க்கு எந்தக் கழுத்துப்பட்டை?

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவரும் இல்லை, நாய்ப் பயிற்சியாளரும் இல்லை. புனேயில் கணினியைத் தட்டிப் பிழைக்கிற ஆசாமி. வீட்டில் 32 கிலோவில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. இந்த விஷயத்தில் என் தகுதி அவ்வளவுதான். :-)

செருப்பு வாங்கப் போனால் நாலு ஜோடி போட்டு நடந்து பார்க்கிறோம். நாய்க்குப் பட்டை வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பெரிய நாய் என்றால் அவர் கை நேராக இரும்புச் சங்கிலிக்குத்தான் போகும். இழுத்தால் இறுகுமே, அந்த சோக் செயின். "பெரிய நாய் சார், இது இல்லாம அடங்காது" என்று ஒரு வசனமும் கூடவே வரும். என் கட்சி இதற்கு நேர் எதிர். பெரிய நாய்க்குத்தான் அது வேண்டவே வேண்டாம்.

முதலில் நம் வீட்டு நிலவரம். ஊரில் நாய் வளர்த்த கதையை இங்கே பலரும் சொல்வார்கள். "எங்க வீட்ல சங்கிலிலதான் கட்டிப் போட்டிருந்தோம், நல்லாத்தானே இருந்துச்சு?" நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்த நாயை யாரும் சங்கிலியோடு லிஃப்ட்டில் ஏற்றவில்லை. பகலில் திண்ணையோரம் கட்டிக் கிடந்தது, ராத்திரி அவிழ்த்து விட்டால் தெருவைச் சுற்றிவிட்டு வந்தது. இங்கே எட்டாவது மாடி. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கழுத்தில் பட்டை மாட்டித்தான் வெளியே போக வேண்டும். லிஃப்ட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை நிற்கும், கீழே இறங்கினால் தெருநாய்கள், டெலிவரி பைக்குகள். ஊரில் சும்மா கிடந்த சங்கிலி இங்கே தினமும் கழுத்தை இறுக்கும். இரண்டும் ஒன்றில்லை.

சோக் செயினில் ஒரு அளவுக்கு மேல் இறுகாமல் நிறுத்த எந்தத் தடுப்பும் கிடையாது. எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுகும். சட்டென்று இழுத்து உடனே தளர்த்த வேண்டும் என்பதுதான் அதன் பழைய பாடம். நாய் நம் இடப்பக்கம் நடந்தால், ஆங்கில 'பி' எழுத்து மாதிரி வருமாறு மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் இறுகியது தளராமல் அப்படியே நின்றுவிடும். எங்கள் குடியிருப்பில் நான் பார்த்த பாதி நாய்களுக்கு அது திரும்பித்தான் கிடக்கிறது. மூச்சுக்குழாய் இருப்பதும் அங்கேதான், தைராய்டு இருப்பதும் அங்கேதான். 2006-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, கழுத்துப்பட்டையில் நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுகிறது என்றும், உடம்பில் மாட்டும் ஹார்னஸில் அப்படிக் கூடுவதில்லை என்றும் கண்டது. சாதாரணப் பட்டைக்கே இந்தக் கதி!

அடுத்தது உள்பக்கம் முள் வைத்த பட்டை, அதற்கும் மேலே ரிமோட்டில் ஷாக் கொடுக்கும் பட்டை. ஷாக் பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது.

"போலீஸ் நாய்க்கே இப்படித்தான் சார்" என்பார் வீட்டுக்கு வரும் பயிற்சியாளர். அடக்கி வளர்க்கும் முறையைப் பரப்பியவர்களில் ஒருவர் கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மன்காரர், அவர் புத்தகம் வந்தது 1910-இல். அதற்கப்புறம் நூறு வருடம் ஓடிவிட்டது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, எல்லா நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைதான் சரி என்கிறது. என் கவலை இதைவிடச் சின்னது. எதிரே இன்னொரு நாய் வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், நம் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? "இன்னொரு நாய் வந்தால் வலிக்கும்" என்றுதான். நாளைக்கு அது தூரத்தில் நாயைப் பார்த்தாலே உறுமும். அப்புறம் சொசைட்டியில் புகார், வீட்டில் சண்டை, கடைசியில் "டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு, யாராவது எடுத்துக்கறீங்களா?" என்று ஒரு மெயில். இப்படி எத்தனை மெயில் பார்த்தாச்சு!

சரி, எதைத்தான் வாங்குவது?

1. வீட்டில் நாயைக் கூட்டிப்போகிறவர்களிலேயே பலம் குறைந்தவரை மனதில் வைத்து வாங்குங்கள். காலையில் நீங்கள், சாயங்காலம் பையன், ஊரிலிருந்து வந்திருந்தால் அப்பா. 68 வயது அப்பாவால் சமாளிக்க முடியாதது உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது.

2. அடையாளத் தகடு தொங்கவிட, சாதாரணத் தட்டைப் பட்டை ஒன்று. பெரிய நாய்க்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகலம் வேண்டும். மெல்லிசாக இருந்தால் கயிறு மாதிரி அறுக்கும். பிளாஸ்டிக் கொக்கியை விட இரும்பு பக்கிள் நம்பகமானது. கழுத்தை டெய்லர் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மாட்டியபின் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். குட்டி என்றால் வாரா வாரம் பாருங்கள், மளமளவென்று வளரும்.

3. இழுக்கிற நாய்க்கு, நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ். இழுத்தால் நாயின் உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும், கழுத்தில் பாரம் விழாது. அக்குளில் உரசுகிறதா, தோள் தாராளமாக அசைகிறதா என்று பாருங்கள்.

4. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று ஊரிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இவற்றுக்குத் தலை குறுகல், கழுத்து நீளம். பயந்து பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். புனே டிராஃபிக்கில் அது ஒரு தடவை நடந்தாலே போதும். இவற்றுக்கு மார்டிங்கேல் பட்டைதான் சரி. பெரிய வளையம் ஒன்று, சின்ன வளையம் ஒன்று. இழுத்தால் கழுத்தளவுக்கு இறுகும், அதற்கு மேல் போகாது. முழுதாக இழுபட்ட நிலையிலும் பெரிய வளையத்தின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது, நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள், எதிலாவது மாட்டிக்கொண்டால் ஆபத்து.

5. ஆறடி நீளக் கயிறு அல்லது நைலான் பட்டை போதும். தானாகச் சுருண்டு நீளும் கயிறு பெரிய நாய்க்கு வேண்டாம். லிஃப்ட் கதவு மூடும்போது நாய் வெளியே, நாம் உள்ளே என்றால் என்ன ஆகும்?

எந்தப் பட்டையும் நாய்க்குப் பாடம் சொல்லித் தராது. அது பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். பாடம் நாம்தான் எடுக்க வேண்டும். நாய் இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள், பக்கத்தில் வந்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. சைவ வீடென்றால் பனீர். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் கூடாது. முதல் வாரம் கேட் வரை போகவே இருபது நிமிடம் ஆகும். பொறுமை வேண்டும் சாமி.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு வடைபாவ் காசு! ஆகவே சட்டம் வந்து நம் நாயைக் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரிய நாய் என்றாலே இப்போது பயம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சுற்றறிக்கை போனாலும் லிஃப்ட்டில் நம்மோடு ஏறுகிறவரின் பயம் போகாது. முள்பட்டையைப் பார்த்தால் அவர் இன்னும் ஒரு அடி தள்ளித்தான் நிற்பார். கயிறு தளர்ந்து, நாய் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் "பேர் என்ன?" என்று கேட்பார். வாடகை வீட்டில், வேற்று ஊரில் நாய் வளர்க்கிற நமக்கு அந்த ஒரு கேள்வி பெரிய விஷயம்.

பயிற்சியாளர் வந்தால், பையிலிருந்து என்ன எடுக்கிறார் என்று முதலில் பாருங்கள். சங்கிலியோ முள்ளோ என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். :-)