அறுவைக்குப் பின்னும் ஓயாத உபாதை



தலைவலியையும் இரத்தக்கொதிப்பையும் வீட்டில் எவரும் கூச்சமின்றிப் பேசுவர். வயது முதிர்ந்த தந்தை சிறுநீரை அடக்க முடியாமல் தவிப்பதை மட்டும் வீடே மறைத்துவிடும். புராஸ்டேட் சுரப்பிக்குச் சிகிச்சை பெற்றபின்னும் இத்தொல்லை நீங்காதோர் பலர். இம்மாதம் அவர்களைப்பற்றிச் சற்று விளக்கமாகப் பேசக் கருதுகிறோம். மருத்துவரின் இடத்தை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவு பிறக்க வேண்டும் என்பதே நம் நோக்கம்.

ஞாயிறு பூசைக்கு ஒருபோதும் தவறாத பெரியவர்கள் சிலர், அறுவை முடிந்து ஓராண்டாகியும் கோவில் பக்கம் வருவதில்லை. விசாரித்தால், “முழங்கால் வலி, சாமி” என்பார்கள். உண்மை வேறு. நடுவில் எழுந்து போக நேருமோ, வேட்டி நனைந்துவிடுமோ என்ற அச்சமே அது. ‘ஆபரேஷன் செய்தும் பயனில்லை, பணம் வீணாயிற்று’ என்ற கசப்பும் உள்ளே இருக்கும். இக்கசப்பு பெரும்பாலும் அறியாமையால் விளைவது.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் அமைந்துள்ளது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே செல்கிறது. வாலிபத்தில் ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள அச்சுரப்பி, வயது ஏற ஏறப் பருத்துக் குழாயை நெருக்குகிறது. அத்தடையை எதிர்த்துப் பல்லாண்டு உழைக்கும் சிறுநீர்ப்பையின் தசை தடித்து, சிறிதளவு நீர் சேர்ந்ததுமே சுருங்கும் பழக்கத்தைப் பெற்றுவிடுகிறது. குழாய் வழியே கருவியைச் செலுத்திப் பருத்த சதையைச் சுரண்டியெடுக்கும் அறுவை, தடையைத்தான் நீக்குகிறது. தசையின் பழக்கத்தை நீக்குவதில்லை. அடைபட்ட கதவைத் திறந்துவிட்டார் மருத்துவர். அக்கதவை முட்டி முட்டிப் பழகியவன் அமைதியடைய நாளாகும். பலருக்குச் சில மாதங்களில் தணியும். சிலருக்கு ஓரளவு நிலைத்தே நிற்கும். அதனால் அறுவை தோற்றது என்று கொள்ளலாகாது.

புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றியவர்களின் நிலை வேறு. நீரை அடக்கும் தசை தளர்வதால் இருமும்போதும் சுமை தூக்கும்போதும் கசிவு உண்டாகும். இது ஓராண்டு வரையிலும் படிப்படியாகக் குறையக்கூடும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சிறுநீர்ப்பை எரிச்சலுற்று, ஆண்டுகள் கழிந்தபின்னும் நீரில் இரத்தம் தோன்றலாம்.

ஆகவே, முதலில் தொல்லை எவ்வகையினது என்று அறிதல் வேண்டும். மூன்று நாள்களுக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தோம், எப்போது, எத்தனை மில்லி கழித்தோம், எப்போது கசிந்தது. அக்குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவும். நீர்த்தாரை மீண்டும் மெலிந்திருந்தால் குழாயில் தழும்பு விழுந்திருக்கலாம். கழித்தபின்னும் நீர் தங்கினால் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். இரவில் மட்டும் நிறைய நீர் பிரிந்தால் குற்றம் சிறுநீர்ப்பையினது அன்று. நீரிழிவோ, கால் வீக்கமோ, இருதய நோயோ, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதோ காரணமாயிருக்கலாம்.

இனி, வீட்டில் கைக்கொள்ளத்தக்கவை. தொல்லைக்கு அஞ்சித் தண்ணீரையே வெறுப்பது தவறு. நீர் செறிந்தால் எரிச்சல் மிகும். பகலில் போதிய அளவு பருகி, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். மாலைக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டாம், மதுவும் ஆகாது. மலச்சிக்கல் சேரவிடாதீர். கால் வீங்குவோர் பிற்பகலில் கால்களை உயர்த்தி வைத்துச் சற்றுப் படுக்கலாம். நீரிறக்கும் மாத்திரை உண்போர் அதனை எவ்வேளையில் உட்கொள்வது என்று மருத்துவரைக் கேட்கட்டும்.

காற்றை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, ஐந்து விநாடி நிறுத்தித் தளர்த்துங்கள். இவ்வாறு பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் பெண்களுக்கென விளக்கிய இப்பயிற்சி இன்று ஆண்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. பயன் தெரிய மாதங்கள் ஆகும். திடீரென உந்துதல் வந்தால் ஓடாமல் நின்று, தசையை இறுக்கி, அது தணிந்தபின் நடந்து செல்லுங்கள்.

மருந்துகளும் உள்ளன. ஆனால் அவற்றுள் சில முதியோருக்கு மலச்சிக்கலையும் மறதியையும் உண்டாக்கும்; ஆதலின் கடையில் தாமே வாங்குதல் கூடாது. சளிக்கு விற்கும் மாத்திரைகள் சில நீரையே அடைத்துவிடும். அறுவைக்குப் பின் கடுங்கசிவு நீங்காதவர்களுக்கு, நீரை அடக்கும் செயற்கைக் கருவியைப் பொருத்தும் முறையும் 1970-களிலிருந்து உண்டு. நீரில் இரத்தக் கட்டிகள் வந்தாலும், குளிரோடு காய்ச்சல் கண்டாலும், நீர் அறவே பிரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். “சற்றுமுன்தானே போனீர்கள்?” என்ற வார்த்தை முதியவரைச் சுடும். கழிவறைக்கு அருகில் படுக்கையும், வழியில் சிறு விளக்கும், கட்டிலருகே ஒரு பாத்திரமும் இருந்தால் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து குறையும். இரவில் அவருடன் விழிக்கும் தாய்க்கும் பகலில் ஓய்வு தாருங்கள். பேரனின் திருமணத்துக்குப் புறப்படும்போது, “வழியில் எங்கே நிறுத்தலாம், அப்பா?” என்று பிள்ளைகள் முன்கூட்டியே கேட்டால், அவர் வீட்டிலேயே தங்கிவிட மாட்டார்.

பங்குகளுக்கும் கடமை உண்டு. கோவில் வளாகத்துக் கழிவறையைப் பூசை வேளையில் பூட்டி வைக்கலாகாது. பக்கவாசலை அடுத்த பெஞ்சுகளை இத்தகையோருக்கு விட்டுக்கொடுங்கள். நன்மை வாங்குமுன் தண்ணீர் அருந்தலாகாது என்று இன்னும் எண்ணும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வோம்: தண்ணீர் உபவாசத்தை முறிப்பதில்லை என்று 1953-ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விதித்துவிட்டார். மருந்தும் அவ்வாறே.

பெரியவர்களே, உடல் தளர்வது பாவமும் அன்று, மானக்கேடும் அன்று. நோட்டை எடுத்து இன்றே எழுதத் தொடங்குங்கள். மருத்துவரிடம் கூச்சமின்றிப் பேசுங்கள். வரும் ஞாயிறன்று பக்கவாசல் பெஞ்சில் உங்களை எதிர்பார்ப்போம். நடுவில் எழுந்து சென்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.