இவருக்குப் பதில் இவர்

தமிழ் சேனல் ஒன்றில் முடிவெடுக்கிற நாற்காலியில் இருக்கும் யாரிடமாவது போய், 'ஏன் சார், ஒரு சயன்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல் எடுக்கக் கூடாது?' என்று கேட்டுப் பாருங்கள். காபி சொல்வார்கள். கூடவே ரெடிமேடாக ஒரு பதிலும் வரும். 'நம்ம ஜனங்களுக்கு அதெல்லாம் எடுபடாது சார். நாலு வாரம் பார்ப்பாங்க. அப்புறம் ரிமோட்டைத் தூக்கிருவாங்க.'

இதில் இரண்டாவது பாதி நிஜம். பார்க்கிறவர்கள் போய்விடத்தான் செய்கிறார்கள். இங்கே மட்டுமில்லை, லண்டனிலும் நியூயார்க்கிலும்கூட அப்படித்தான். முதல் பாதி மட்டும் கடைந்தெடுத்த பொய். புரியவில்லை என்று யாரும் எழுந்து போவதில்லை. சீரியல் எடுக்கிறவர்களின் குட்டு நன்றாகப் புரிந்துவிட்டதால்தான் போகிறார்கள்.

ஜனங்களுக்கு அறிவியல் எடுபடாது என்கிறவர்களைத் திருப்பத்தூர் மாவட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர். சந்தன மரமும் சாமையும் விளைகிற அந்த மலையில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் இங்கே அமைந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி முழுக்க உள்நாட்டிலேயே உருவாக்கியது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது அங்கே பல வருஷத்துப் பழக்கம். வேன் பிடித்துக் குழந்தை குட்டிகளோடு மலை ஏறுகிறவர்கள் எல்லோரும் எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்தவர்கள் இல்லை.

அந்தக் காவலூரில் 1977 மார்ச் 10 அன்று நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். நம் விஷயத்துக்குச் சாவி அதில்தான் இருக்கிறது.

அன்றைக்கு யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கவேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாகிவிட்டது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். திடீரென்று அந்த நட்சத்திரம் சில விநாடிகள் மங்கிவிட்டு மறுபடி பழையபடி ஒளிர்ந்தது. மறைத்தது யுரேனஸ் இல்லை. அப்படியென்றால் வேறு ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது! இதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அதே சமயம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமான ஆய்வகத்தில், இதே மாதிரி பல மங்கல்கள் பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில், சனியைப் போலவே யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். சில விநாடி மங்கல் எப்படிச் செய்தியானது? நட்சத்திரம் இஷ்டத்துக்கு அணைந்து எரியக் கூடாது என்று ஒரு விதி இருப்பதால். நினைத்தபோதெல்லாம் அது கண்ணடித்துக்கொண்டிருந்தால், அந்த இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கப் போயிருப்பார்கள்.

சயன்ஸ் ஃபிக்‌ஷன் சீரியலின் மொத்தப் பிழைப்பும் இதுதான். 'இந்த உலகத்தில் இன்னது நடக்கும், இன்னது நடக்காது' என்று முதலில் நம்மிடம் ஒரு ஒப்பந்தம் போடுகிறார்கள். விதி எவ்வளவு விநோதமாக இருந்தாலும் பரவாயில்லை, நாம் கையெழுத்துப் போடத் தயார். 2021-ல் வெளியான 'மாநாடு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீரோ செத்தால் அந்த நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், விமானத்தில் கண் விழிப்பான். பிற்பாடு வில்லனும் அதே சுழலில் மாட்டிக்கொள்கிறான். யாராவது புரியவில்லை என்று டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்களா? அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று ரசிகர்களே ஹீரோவுக்கு யோசனை சொன்னார்கள். அதற்கும் முப்பது வருஷம் முன்னாலேயே சுஜாதாவின் பேசும் இயந்திர நாய் ஜீனோவை விகடனில் வாரா வாரம் தேடிப் படித்தது இதே ஜனங்கள்தான்.

மெகா சீரியலுக்கு இந்த நிர்ப்பந்தம் கிடையாது. அங்கே நடிகை சம்பளப் பிரச்னையில் விலகிவிட்டால், 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு போட்டு, நேற்றுவரை ஒல்லியாக இருந்த மருமகள் இன்றைக்குக் குண்டாக வந்து சாம்பாருக்குத் தாளிப்பாள். யாரும் கவலைப்படமாட்டார்கள். ஏனென்றால் மாமியார் எப்படிப் பேசுவாள், நாத்தனார் எப்போது மூக்கை உறிஞ்சுவாள் என்பதெல்லாம் நம் வீட்டிலேயே தெரிந்த விஷயம். பத்து நாள் பார்க்காமல் விட்டாலும் பதினோராவது நாள் உட்கார்ந்துகொள்ளலாம். சீரியல் விட்ட இடத்தை நம் வீடு நிரப்பிவிடும். வேற்றுக்கிரகத்துக் கதையில் நிரப்புவதற்கு வீடு எங்கே இருக்கிறது? காலுக்குக் கீழே இருப்பது அந்த விதி மட்டும்தான்.

இந்த 'இவருக்குப் பதில் இவர்' கார்டையே விஞ்ஞானமாக்கியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23-ல் ஆரம்பித்தது. நீலநிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் காலம் கடந்து திரிகிற ஒரு வேற்றுக்கிரகவாசியின் கதை. 1966-ல் ஹீரோ வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியவில்லை. நம்மவர்களாக இருந்தால் கார்டு போட்டிருப்பார்கள். அவர்கள், 'இந்த இனத்துக்கு மரணம் நெருங்கினால் உடம்பு மாறிவிடும், முகமும் குணமும்கூட மாறும்' என்று ஒரு விதியை உண்டாக்கினார்கள். புது நடிகர் வந்தார். அந்த ஒரு யோசனையில் சீரியலுக்கு ஆயுசு கெட்டியானது.

விதி என்றால் வரம்பு வேண்டுமே. 1976-ல் அதையும் வைத்தார்கள். பன்னிரண்டு முறைதான் உடம்பு மாறலாம், ஆக மொத்தம் பதிமூன்று பிறவி. அதன் பிறகு ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பதற்றம் இருந்தது. கையிருப்பில் ஒன்று குறைகிறது அல்லவா?

கையிருப்பு தீர்ந்தபோது 2013-ல் வானத்திலிருந்து புது சப்ளை வந்தது. சரி, ஒரு தடவை மன்னிக்கலாம். 2020-ல், 'பதிமூன்று என்ன பதிமூன்று, கணக்கே இல்லாத பிறவிகள் இதற்கு முன்னாலேயே இருந்திருக்கின்றன, அவருக்கே மறந்துவிட்டது' என்றார்கள். 2023-ல் இன்னும் ஒரு படி மேலே. பழைய ஹீரோ போகவே இல்லை. ஆள் இரண்டாகப் பிரிந்து, புதியவர் ஊர் சுற்றப் போக, பழையவர் தோட்டத்தில் உட்கார்ந்து குடும்பத்தோடு சாப்பிடுகிறார். இவருக்குப் பதில் இவர் போய், இவருக்கு இவரும் அவரும்! இனிமேல் இந்த ஆள் சாகக் கிடந்தால் எனக்கு ஏன் சார் கண்ணில் தண்ணீர் வரப்போகிறது?

இனி எண்ணிக்கையைப் பாருங்கள். 2018-ல் முதன்முறையாக ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், அந்த வேடத்துக்கு வந்தபோது முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேர். 'பெண்ணைப் போட்டதால்தான் ஊத்திக்கிச்சு' என்கிற ஆண் சிங்கங்கள் இந்த எண்ணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளட்டும். விதியை உடைத்த அந்த 2020 எபிசோடுக்கு வருவதற்குள் 47 லட்சமாகிவிட்டது. 2025-ல் அதற்கும் கீழே. கூட்டாளியாகச் சேர்ந்திருந்த டிஸ்னியும் அந்த வருஷம் கழன்றுகொண்டது.

மொபைல் வந்தபின் டி.வி. பார்க்கிற பழக்கமே எல்லா நாட்டிலும் குறைந்துவிட்டது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எந்த நேரத்தில், எதற்கு எதிராகப் போடுகிறார்கள் என்பதும் முக்கியம்தான். 1979-ல் இதே டாக்டரின் ஒரு எபிசோடை ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள். காரணம், எதிர் சேனலில் ஸ்டிரைக்! பத்து வருஷம் கழித்து, பிரிட்டனின் மெகா சீரியலான 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'டுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். முப்பது லட்சம், ஐம்பது லட்சம் என்று தேய்ந்து 1989-ல் கடையை மூடினார்கள். ஆனால் அதே சீரியல் 2005-ல் திரும்பி வந்தபோது முதல் நாளே ஒரு கோடியைத் தாண்டியது. நாற்பது வருஷப் பழசு என்று யாரும் ஒதுக்கவில்லை. ஆக, நீளமாக ஓடுவது வியாதி இல்லை.

நம் ஊரில் 1997 முதல் 2005 வரை ஓடிய 'சக்திமான்' கதையும் கொஞ்சம் இந்த ரகம். அறிவியலைவிட அதில் யோகாசனம்தான் அதிகம், போகட்டும். இந்தி ஒரு வார்த்தை தெரியாத தமிழ்ப் பிள்ளைகள்கூட வாய் பிளந்து பார்த்தார்கள். தூர்தர்ஷன் நேரத்துக்கான கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனதால்தான் நிறுத்தினேன் என்று முகேஷ் கன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நல்ல கடைதான், வாடகை கட்டுப்படியாகவில்லை. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் அதையே தூசி தட்டி மறுபடி போட்டது. பதினைந்து வருஷத்தில் அந்த இடத்தில் வைக்க வேறு சரக்கு யாரிடமும் இல்லை!

விதியை உடைப்பது ஒரு வழி. கணக்கையே முடிக்காமல் இழுப்பது இன்னொரு வழி. பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடுவோம். தாற்காலிகமாகத்தான். ஆடிட்டர் வருவதற்குள் தப்பைக் கண்டுபிடித்து நேர் பண்ணவேண்டும்.

அமெரிக்காவின் 'எக்ஸ் ஃபைல்ஸ்' 1993-ல் தொடங்கி ஒன்பது வருஷம் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டிலேயே கம்பெனி நடத்தியது. வேற்றுக்கிரகவாசிகள், அரசாங்கச் சதி, புதிருக்குள் புதிர். 1997-ல் ஒரு எபிசோடை ஏறக்குறைய மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள் (சூப்பர் பௌல் மேட்ச் முடிந்த கையோடு போட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்). ஹீரோ மோல்டர் தன் காணாமல் போன தங்கையைத் தேடுகிறான். தூக்கிப் போனது வேற்றுக்கிரகவாசிகளா, அரசாங்கமா என்று ஏழு வருஷம் நம்மையும் கூடவே அலையவிட்டார்கள். 2000-ல் கிடைத்த பதில் என்ன தெரியுமா? ஏதோ ஆவிகள் இரக்கப்பட்டு அவளை நட்சத்திர வெளிச்சமாக மாற்றிவிட்டனவாம்! ஆடிட்டர் ஃபைலை மூடிவிட்டு எழுந்து போகாமல் என்ன செய்வார்? ஹீரோ டேவிட் டுகோவ்னியும் பாதியில் விலகினார், அதுவும் ஒரு காரணம்தான். 2002-ல் கடைசி எபிசோடுக்கு மிஞ்சியது ஒன்றேகால் கோடியும் கொஞ்சமும்.

இதே தொண்ணூறுகளில் நம்மிடம் 'மர்மதேசம்' ஓடியது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். அது சயன்ஸ் ஃபிக்‌ஷன் இல்லை, மர்மக் கதை. ஆனால் கணக்கு வழக்கில் சுத்தம். 'ரகசிய'த்தில் போட்ட முடிச்சை 'ரகசிய'த்திலேயே அவிழ்த்தார்கள். அதன் பிறகுதான் 'விடாது கருப்பு' வந்தது. அங்கேயும் சாமியா, மனசா என்று கேள்வி கேட்டுவிட்டு ஒரு பதிலையும் கொடுத்தார்கள். இன்றைக்கும் நடுவயது ஆசாமிகளிடம் அந்தக் குதிரைக் குளம்பு சத்தத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள், சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஹிட்டாகிவிட்டதே என்று கருப்பை ஆயிரம் எபிசோடுக்கு இழுத்திருந்தால் பேசுவார்களா?

இழுப்பார்கள் இன்றைய சேனல்காரர்கள். டி.ஆர்.பி. ஏறினால் கதைக்கு முடிவு கிடையாது. இறங்கினால் மறுவாரமே முற்றும். இரண்டுக்கும் நடுவே, எழுதுகிறவருக்கு 'கடைசி எபிசோட் இந்தத் தேதி' என்று எழுதிக் கொடுக்கிற சேனல் எத்தனை? கடைசிப் பக்கம் எங்கே என்று தெரியாதவர் முதல் பக்கத்தில் விதி எழுத முடியாது. அதையும் செய்துவிட்டு, கைவிட்டுப் போனவர்களைப் பார்த்து 'எடுபடாத ஜனங்கள்' என்றால் எப்படி?

'டாக்டர் ஹூ'வைக் கடைசியாக விட்ட இடத்தைச் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். 2025 மே 31 எபிசோடில் டாக்டராக இருந்த ஷூட்டி கட்வா உடம்பு மாறுகிறார். மாறியதும் தெரிவது பில்லி பைப்பரின் முகம். 2005-ல் இதே சீரியலில் டாக்டருக்குத் தோழியாக வந்தவர்! டைட்டிலில் அவர் பெயரைப் போட்டார்கள். வழக்கமாகப் பக்கத்தில் வருகிற 'டாக்டராக' என்ற சொல்லை மட்டும் காணோம். 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோட் உண்டு என்று பி.பி.சி. 2025-லேயே அறிவித்துவிட்டது. அதுவரை அந்தம்மா இருப்பது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில்.