ரிப்பேருக்குப் பிறகு அடம்பிடிக்கும் டீசல் பிக்கப்

காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப் ஒன்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வருகிறது. கிளட்ச் புதுசு, டீசல் ஃபில்டர் புதுசு, பில்லும் பெரிசு. மறுநாள் அதிகாலை 3 மணிக்கு சந்தைக்குக் கிளம்ப ஓனர் சாவியைத் திருப்புகிறார்... அரை நிமிஷம் சுற்றியும் பிடிக்கவில்லை. ரிப்பேருக்கு முன்பு ஒரே திருப்பில் பிடித்த வண்டி! லேட்டாகப் போகும் காய்க்கு விலை கிடைக்காது. லோன் தவணை மட்டும் சரியான தேதிக்கு வந்துவிடும்.

அடுத்து என்ன நடக்கும்? பேட்டரியை மாற்று, செல்ஃப் மோட்டாரை மாற்று, நாசிலை மாற்று. இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, ஓனர் காசில் வாங்கும் லாட்டரி சீட்டு.

டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் யாரும் புது லெட்ஜர் வாங்குவதில்லை. கடைசியாகப் போட்ட என்ட்ரிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். வண்டிக்கும் அதே விதிதான்: கடைசியாக எதில் கை வைத்தார்கள்?

அதற்கு முன் ஒரு கேள்வி. இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா? அல்லது நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. பேட்டரி சரி என்றால் எர்த் வயரைப் பாருங்கள். கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றியிருக்கலாம். துருவின் மேலேயே திரும்ப மாட்டியிருக்கலாம். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த வழியில்தான். பெரும்பாலும் உப்புத்தாள் போதும்!

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டர் மாற்றியபோது சீல் சரியாக உட்காராமலோ, கிளிப் தளர்ந்தோ இருந்தால் ராத்திரியில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் இருக்கலாம். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. காலையில் ஹேண்ட் பிரைமரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறதா? அப்படியானால் காற்றைத் தேடுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், பம்ப்பைக் கழற்றியிருந்தால் டைமிங் என்று பார்க்க வேண்டும். காமன் ரெயில் வண்டியில் ரெயில் பிரஷரையும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவையும் பார்க்காமல் இன்ஜெக்டருக்குத் தூக்குத் தண்டனை கொடுக்கக்கூடாது.

இதெல்லாம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? பலருக்குத் தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் மீட்டர் பிடித்துப் பார்த்ததற்குக் கூலி கேட்டால், "என்னத்த மாத்துன, காசு கேக்குற?" என்பார் ஓனர். அவரே புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். பார்ட்ஸுக்கு மட்டும்தான் காசு என்றால் மெக்கானிக்கும் பார்ட்ஸைத்தானே மாற்றுவார்?

கோளாறைக் கண்டுபிடிப்பதும் வேலைதான். அதற்குக் கூலி கொடுக்கும் ஓனருக்குத்தான் கடைசியில் செலவு குறையும். என்ன, சரிதானே?