வாடகை சைக்கிளும் வாங்கிய முன்பணமும்

போலீசார் சைக்கிளைக் கைது செய்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா, தோழர்களே?

1965-ல் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அது நடந்தது. ‘புரோவோ’ என்ற இளைஞர் கூட்டம் சில சைக்கிள்களுக்கு வெள்ளை வர்ணம் அடித்துத் தெருவில் நிறுத்தியது. பூட்டு கிடையாது, வாடகையும் கிடையாது. வேண்டியவர் எடுத்துப் போய், போன இடத்திலேயே விட்டுவிடலாம், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் இல்லை. வந்தது போலீஸ்! பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது நகரசபை விதிக்கு விரோதம் என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிற்று. திருட்டைத் தடுக்கப் போட்ட விதி, திருட வேண்டிய அவசியமே இல்லாத சைக்கிளின் மேல் பாய்ந்தது.

வருஷத்துக்கு 20,000 வெள்ளைச் சைக்கிள்களை நகரசபையே வாங்கித் தெருவில் விடவேண்டும் என்று அந்த இளைஞர்கள் கேட்டார்கள். நகரசபை கைவிரித்துவிட்டது. இன்று அதே ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர் கடையில் நாள் வாடகை கட்டித்தான் சைக்கிள் எடுக்கிறார்.

அயல்நாட்டில் ஊர் சுற்றுகிறவனுடைய சைக்கிளைப் பற்றி மில்லில் நிற்பவனுக்கும் வயலில் குனிந்திருப்பவனுக்கும் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அயல்நாடு போகிறவரெல்லாம் சீமான்களா? கப்பல் கரையில் நிற்கும் இரண்டு நாளில் ஊரைப் பார்க்க இறங்கும் மாலுமி இருக்கிறார். கட்டட வேலைக்குப் போய், ஒரு நாள் லீவு கிடைத்தவர் இருக்கிறார். டாக்சி அவர்களுக்குக் கட்டாது. சுற்றுலா பஸ்ஸில் ஏறினால், காட்டும் இடத்தைத்தான் பார்க்கலாம். சைக்கிள் கிடைத்தால் சந்தைக்குள் போகலாம், ஆலை வாசலில் ஷிப்டு விடுகிற நேரத்தில் நிற்கலாம், வழி தப்பிப் போய் ஏதாவது ஒரு சந்தில் டீ குடிக்கலாம். ஊர் என்பது அதுதானே?

ஆம்ஸ்டர்டாம் செய்ய மறுத்ததைச் சீனாவில் ஹாங்சௌ நகரம் வேறு விதமாகச் செய்து காட்டியது. 2008 மே மாதம் அந்நகரின் பொதுப் போக்குவரத்து ஸ்தாபனம், பஸ் விடுகிற அதே ஸ்தாபனம், வாடகை சைக்கிளையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. முதல் ஒரு மணி நேரம் இலவசம். இரண்டாவது மணிக்கு ஒரு யுவான், மூன்றாவதற்கு இரண்டு, அதற்கு மேல் மணிக்கு மூன்று யுவான் என்று விகிதம் வகுத்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி சைக்கிள் எடுப்பவருக்கு இலவச நேரம் ஒன்றரை மணி. ஒரு நிலையத்தில் எடுத்ததை எந்த நிலையத்திலும் விடலாம். 2011 வாக்கில் சுமார் 60,000 சைக்கிள்கள், 2,400 நிலையங்கள்!

ஹாங்சௌவின் மேற்கு ஏரி பெயர் பெற்றது. பார்க்க வருகிறவர் முன்பணம் கட்டி அட்டை வாங்கி, ஏரிக்கரையில் ஐம்பது நிமிஷம் மிதித்து, ஒரு நிலையத்தில் சைக்கிளை விட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டால், நாள் முழுவதும் காசு செலவில்லாமல் சுற்றலாம். இது ஏமாற்று வேலை அல்ல, திட்டமே அப்படித்தான். காலையில் அதே சைக்கிளில் உள்ளூர் ஜனங்கள் வேலைக்குப் போகிறார்கள். செலவில் ஒரு பகுதி சைக்கிளிலும் நிலையங்களிலும் வைக்கும் விளம்பரத்திலிருந்து வருகிறது. ஊர் திரும்பும்போது அட்டையைக் கொடுத்தால் முன்பணம் கைக்கு வரும்.

அந்த முன்பணத்தில்தான் விஷயமே இருக்கிறது. வாடகைக்கு சைக்கிள் எடுத்தவர் எல்லோருக்கும் தெரியும்: வாடகை போனால் போகிறது, கட்டிவைத்த பணம் திரும்ப வரவேண்டுமே என்பதுதான் கவலை.

அதே சீனாவில் 2014-ல் தொடங்கிய ‘ஓபோ’ என்ற தனியார் கம்பெனியைப் பாருங்கள். நிலையம் கிடையாது, கைபேசியில் திறந்து, விட்ட இடத்தில் விடலாம். கேட்க வெள்ளைச் சைக்கிள் போலவே இருக்கிறது அல்லவா? ஆனால் ஒவ்வொருவரும் 99 யுவான் முன்பணம் கட்டவேண்டும். பிறகு அது 199 ஆயிற்று. மூலதனக்காரர்கள் பணத்தைக் கொட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் முளைத்தன. மிதிக்க ஆள் இருக்கிறதா என்று பாராமல் தெருவெல்லாம் சைக்கிளைக் குவித்தார்கள். நடைபாதையில் நடக்க இடமில்லாமல், நகரசபைகள் அள்ளிக்கொண்டு போய் வெற்று நிலங்களில் மலைபோல் கொட்டின. உழைத்துச் செய்த சாமான், ஓடாமலே துருப்பிடித்தது.

2018 டிசம்பரில் பீஜிங்கில் கம்பெனி வாசலில் குளிரில் ஜனங்கள் வரிசை நின்றார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல்! ஆளுக்கு 99 யுவான் என்று வைத்தாலும் 99 கோடி யுவான். முன்பணத்தைத் தனிக்கணக்கில் வைக்கவேண்டும் என்று 2017 ஆகஸ்டிலேயே அரசாங்கம் சொல்லியிருந்தது. அதைக் கண்டிப்பாக நடத்தி வைக்காமல் போனதை மறைப்பதில் அர்த்தமில்லை. தனியாரிடம் விட்டால்தான் திறமை என்று பாடுகிறவர்கள் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்று பார்த்திருக்கவேண்டும்.

நகரசபையின் பெயரை மட்டும் ஒட்டினால் போதுமா என்றால், அதுவும் போதாது. பாரிஸ் நகரில் ‘வெலிப்’ என்ற வாடகை சைக்கிள் 2007 முதல் ஓடுகிறது; அதைப் பெயர் பெற்ற திட்டம் என்பார்கள். பெயர் நகரத்தினுடையது, நடத்துவது காண்டிராக்ட் கம்பெனி. 2018 தொடக்கத்தில் காண்டிராக்ட் கைமாறியது. புது நிலையங்கள் குறித்த நேரத்தில் தயாராகவில்லை; பலவற்றுக்கு மின்சார இணைப்பே வரவில்லை. சைக்கிள்களைப் பழுது பார்ப்பவர்கள், நிலையத்துக்கு நிலையம் லாரியில் ஏற்றி நிரப்புபவர்கள், இரவு வேலைக்கும் ஞாயிறு வேலைக்கும் பழைய கம்பெனியில் பெற்றுவந்த கூடுதல் சம்பளம் குறைந்தது என்று அந்த ஏப்ரலில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

ஊர் பார்க்க வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. சைக்கிள் பூட்டிலிருந்து கழலவில்லை என்றால் நாலு வசவு விட்டு நடந்து போவார். அடுத்த தடவை அப்படி நிற்க நேர்ந்தால், இந்தச் சைக்கிளை நேற்றிரவு இங்கே கொண்டுவந்து வைத்தவர் யார், அவருக்கு என்ன கூலி என்று அங்கேயே ஒருவரை நிறுத்திக் கேட்கட்டும். ஏரியையும் கோபுரத்தையும் பார்க்கக் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் அதற்கும் செலவழிக்கலாம்.