மூன்றாவது துளையில் கம்பி எங்கே?

வட இந்தியாவில் கோடை தொடங்கியதும் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். ஒன்று வெப்ப அலை. மற்றொன்று, கூலரைத் தொட்டவர் மின்சாரம் பாய்ந்து இறந்தார் என்பது. முதலாவதற்கு வண்ண வரைபடம் போடும் நாளேடுகள் இரண்டாவதை உள்பக்க மூலையில் நான்கு வரிகளில் முடித்துவிடுகின்றன. காவல்துறையோ ‘எதிர்பாராத விபத்து’ என்றெழுதிக் கோப்பை மூடுகிறது.

எதிர்பாராதது இதில் எதுவும் இல்லை. ஒரு தகரப் பெட்டி, அதனுள் தண்ணீர், அதை இறைக்கும் மோட்டார், சுற்றிலும் ஈரத் தரை. மோட்டாரின் மின்காப்பு ஓரிடத்தில் நைந்தால் போதும், தகரம் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். முறையான எர்த் கம்பி இருந்தால் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து, ஃபியூஸ் எரிந்தோ எம்.சி.பி. விழுந்தோ இணைப்பு அறுபடும். இல்லையேல், தொடுகிறவரின் உடலே அந்தக் கம்பியாகிவிடும். உடலின் மின்தடை 1,000 ஓம் என்று கொண்டால் அதில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். அண்மை ஆண்டுகளில் மின்சாரம் பாய்ந்து இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகம் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளே கூறுகின்றன.

சாக்கெட்டின் மேலே உள்ள பெரிய துளை எர்த்துக்கு உரியது. எதிரே நின்று பார்த்தால் வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸ் கம்பியில்தான் அமைய வேண்டும். நியூட்ரலில் அமைந்தால், நிறுத்திய பிறகும் கருவியினுள் மின்சாரம் காத்திருக்கும். பிளக்கின் எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விலகும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஹீட்டரையும் கீசரையும் செருகுதல் கூடாது. அவற்றுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற தடித்த செம்புக் கம்பியும் வேண்டும். இவை எந்த வயர்மேனும் அறிந்த பாலபாடம்.

ஆனால் தில்லியின் அங்கீகரிக்கப்படாத குடியிருப்புகளிலும், சூரத் விசைத்தறித் தொழிலாளர் தங்கும் அறைகளிலும், மும்பையின் சால்களிலும் சுவரைப் பெயர்த்துப் பார்த்தால் நிலைமை வேறு. எர்த் துளை இருக்கும். அதன் பின்னால் கம்பி இருக்காது. சில இடங்களில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டை வளைத்து எர்த் முனையில் முறுக்கி வைத்திருப்பார்கள். இது வெறும் ஏமாற்று வேலை அன்று, கொலைப் பொறி. எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் இணைத்திருக்கும் கருவியின் உலோக உடல் முழுவதும் மின்னேறும். பிளக் வாங்கவும் காசில்லாத குடும்பத்தில் வெறுங்கம்பியைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். இதைக் கண்டு ‘விழிப்புணர்வு இல்லாத மக்கள்’ என்று உபதேசிக்கிற அதிகாரிகள், பிறர் வீட்டுச் சுவரை உடைத்துக் கம்பி மாற்றும் உரிமை எந்த வாடகைதாரருக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மின்கட்டணத்தின்மேல் தன் இலாபத்தையும் சேர்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என வசூலிக்கிற வீட்டு உரிமையாளரை எந்த ஆய்வாளரும் கேள்வி கேட்பதில்லை.

சட்டமும் இந்தப் பாகுபாட்டைக் கட்டிக் காத்தது. உயிர் காக்கும் கருவி ஆர்.சி.சி.பி. எனும் கசிவு மின் துண்டிப்பான், எம்.சி.பி. கம்பியைக் காக்கும், இது மனிதரைக் காக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டிக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்கின. அதே மூச்சில் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டு இணைப்புகளுக்கு விலக்கும் அளித்தன. குளிர்சாதன அறைகள் நிறைந்த மாளிகைக்குக் காப்பு. ஒற்றை அறைக்கு விலக்கு! பின்னர் அந்த வரம்பு குறைக்கப்பட்டாலும், ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள குடிசை எந்த வரம்புக்கும் கீழேதான் நிற்கும்.

2017 செப்டம்பரில் ‘சௌபாக்யா’ திட்டத்தை ஆரவாரத்துடன் தொடங்கிய ஒன்றிய அரசு, 2 கோடியே 80 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு ஒளி கொடுத்ததாகத் தம்பட்டம் அடிக்கிறது. இணைப்பு கிடைத்தது வரவேற்கத்தக்கதே. மின்சாரம் ஏழைகளின் உரிமை எனப் போராடியவர்கள் இடதுசாரிகள். ஆனால் கொடுத்தது கம்பத்திலிருந்து ஒரு கம்பி, ஒரு மீட்டர், ஓர் எல்.இ.டி. விளக்கு, ஒரு செல்பேசி சார்ஜர் முனை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் விசிறியும் கூலரும் தண்ணீர் சூடாக்கும் ராடும் வரும் என்பது அரசுக்குத் தெரியாதா? அவற்றுக்கான வயரிங் யாருடைய கணக்கிலும் இல்லை.

பொதுப்பாதையில் கிடந்த மின்கம்பியால் நேர்ந்த மரணத்திற்கு, பிறர் கொக்கி போட்டதாகவே வைத்துக்கொண்டாலும் மின்வாரியமே பொறுப்பு என மத்தியப் பிரதேச வழக்கொன்றில் 2002இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்டரைத் தாண்டிவிட்டாலோ ‘நுகர்வோரின் அலட்சியம்’ என்ற ஒற்றைச் சொல்லில் பொறுப்பு கைகழுவப்படுகிறது.

ஆனால் மீட்டருக்கு மட்டும் பணம் தட்டுப்படவே இல்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட 3 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று 25 கோடி முன்பணக் கட்டண ஸ்மார்ட் மீட்டர்கள். முன்பணம் தீர்ந்ததும் இணைப்பைத் தானே துண்டிக்கும் கருவி அது. குழந்தையின் கையில் மின்சாரம் பாயும்போது துண்டிக்கும் கருவிக்கு ஆகும் செலவு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். அதற்கு நிதி இல்லையாம்.

கிலோவாட் வரம்பு பாராமல் எல்லா வீடுகளுக்கும் ஆர்.சி.சி.பி. அரசுச் செலவில் பொருத்தப்பட வேண்டும். வாடகைக்கு விடப்படும் ஒவ்வோர் அறையின் எர்த்தும் சோதிக்கப்பட்டு, அதன் பொறுப்பு உரிமையாளர்மீது சட்டப்படி சுமத்தப்பட வேண்டும். காலியாகக் கிடக்கும் மின் ஆய்வாளர் பணியிடங்களிலும், ஒப்பந்தக் கூலிகளாய் அலையவிடப்பட்டுள்ள ஐ.டி.ஐ. வயர்மேன்களுக்கும் நிரந்தர நியமனம் வழங்கப்பட வேண்டும். மீட்டர் மாற்ற வாசலுக்கு வரும் ஊழியரிடம் ஒரு சோதனைக் கருவியையும் கொடுத்தால், அதே வருகையில் வீட்டின் எல்லா சாக்கெட்டுகளையும் சோதித்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். அதற்கான ஆணையைக்கூட ஒன்றிய மின்துறை அமைச்சகம் ஏன் பிறப்பிக்கவில்லை என்று கேட்டு, மின் விநியோக அலுவலகங்களின் முன் தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் அமைப்புகளும் ஒன்றாகத் திரள வேண்டும்.