கூடிப் பேசிய விலை

கடைக்கு பில் போடும் கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் விலை கேட்கிறோம்; வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்கிறோம். அதன் திரையையும் உள்ளே இருக்கும் சிப்பையும் உலகில் எத்தனை பேர் தயாரிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. விலையைத் தீர்மானிப்பது அந்த எண்ணிக்கைதான். சப்ளை செய்பவர் ஒருவரே என்றால் சில்லறைக் கடைக்காரர் என்ன பாடுபடுவார் என்பதை வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் திரையைப் பார்ப்போம். மேசையையே அடைத்துக்கொண்டிருந்த பிக்சர் ட்யூப் மானிட்டரை எல்.சி.டி. திரை வெளியேற்றியது. புதுச் சரக்கு வந்தால் பழைய சரக்கின் விலை இறங்க வேண்டும். இது வியாபார நியதி. ஆனால் ட்யூப் தயாரித்த பெரிய கம்பெனிகள் 1996 முதல் 2006 வரை தமக்குள் கூடி விலை பேசி வைத்துக்கொண்டன என்று கண்டறிந்த ஐரோப்பிய ஆணையம், 2012 டிசம்பரில் 147 கோடி யூரோ அபராதம் விதித்தது. புதிதாக வந்தவர்களாவது ஒழுங்காக இருந்தார்களா? எல்.சி.டி. தயாரித்த இரண்டு கொரியக் கம்பெனிகளும் நான்கு தைவான் கம்பெனிகளும் 2001 முதல் 2006 வரை, பெரும்பாலும் தைவான் ஓட்டல்களில், சுமார் 60 முறை கூடிப் பேசியதாக அதே ஆணையம் கண்டது. 2010-ல் ஐந்து கம்பெனிகளுக்குச் சுமார் 65 கோடி யூரோ அபராதம். ஆறாவதான சாம்சங், விஷயத்தை முதலில் தானே வந்து சொன்னதால் தப்பியது. பழைய திரையானாலும் புதிய திரையானாலும் சுமை வாங்குபவர் தலையில்தான் இறங்கியது.

இனி சிப். சாதாரண மேசைக் கம்ப்யூட்டர்களுக்கான இன்டெல் சிப்புகள் பல ஆண்டுகள் நான்கு கோரிலேயே நின்றன. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. கம்பெனி எட்டு கோர் கொண்ட ரைசன் சிப்பை 499 டாலர் விலையில் இறக்கியது. அப்போது இன்டெல்லின் எட்டு கோர் சிப் 1,000 டாலருக்கு மேல். அதே ஆண்டு இன்டெல் ஆறு கோருக்கும், மறு ஆண்டு எட்டு கோருக்கும் வந்தது. பல வருஷமாக நடக்காதது, எதிர்க் கடை திறந்ததும் இரண்டே வருஷத்தில் நடந்தது.

இந்தக் கதையில் கடைக்காரர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. இன்டெல் சிப் உள்ள கம்ப்யூட்டரை மட்டுமே விற்க வேண்டும் என்று மீடியா சாட்டர்ன் என்ற ஐரோப்பியச் சில்லறை விற்பனை நிறுவனத்துக்கு இன்டெல் பணம் கொடுத்தது என்பது, ஐரோப்பிய ஆணையம் 2009-ல் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. 106 கோடி யூரோ அபராதமும் போட்டது. போட்டிக்குக் கேடு நேர்ந்ததென்று போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் 2022-ல் அந்த அபராதத்தை ரத்து செய்தது; 2024-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தின் தீர்ப்பு அது. வியாபாரத்தின் கணக்கு வேறு. அலமாரியில் ஒரே சரக்குதான் என்றால், வாடிக்கையாளருக்குத் தேர்வு இல்லை. நாளைக்கு அந்தக் கம்பெனி கமிஷனைக் குறைத்தால் நமக்கும் போக்கிடம் இல்லை.

வரும் காலம் ஓ.எல்.இ.டி. திரைக்கு என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் எல்.சி.டி. உற்பத்தியிலிருந்து சாம்சங் 2022-ல் விலகிவிட்டது. பெரும்பகுதி இப்போது சீனக் கம்பெனிகளின் கையில். கம்ப்யூட்டரின் மெமரி சிப்போ பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில். எந்தத் திரை மின்னும் என்பதைவிட, எத்தனை பேர் செய்வார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நமது ஊருக்கு வருவோம். "எங்கள் சரக்கை மட்டும் வையுங்கள், போர்டு, ரேக், கூடுதல் தள்ளுபடி எல்லாம் தருகிறோம்" என்று சேல்ஸ்மேன் வந்து நிற்பது மளிகைக்கும் உண்டு, எலக்ட்ரிக்கல் கடைக்கும் உண்டு. ஸ்கீமை வாங்குங்கள், அலமாரியை விற்காதீர்கள். இரண்டாவது சப்ளையரின் கணக்கை, சிறிதாக இருந்தாலும், முடித்துவிடாதீர்கள்.

சற்றுக் கசப்பாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனிகள் ஓட்டலில் கூடி விலை பேசினால் அநியாயம் என்கிறோம். நாமே சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து, "இதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது" என்று பேசினால் அதற்குப் பெயர் என்ன? 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் சங்கங்களையும் விட்டுவைக்கவில்லை. சங்கம் வரிக்காகவும், சாலைக்காகவும், அதிகாரிகளின் கெடுபிடிக்கு எதிராகவும் ஒன்றுசேரட்டும். விலையை அவரவர் கல்லாவே தீர்மானிக்கட்டும். நாம் வாங்கும் இடத்தில் எதை எதிர்க்கிறோமோ, அதை விற்கும் இடத்தில் செய்யலாகாது.