சூப்பர் மார்க்கெட்டில் கூட்டம் குறையலை... பங்கு விலை மட்டும் ஏன் ஏறலை? டிமார்ட் கணக்கு சொல்வது என்ன?

வாலாஜாபேட்டையில் மாசம் பிறந்தால் ஒரு வீட்டின் மளிகை லிஸ்ட் மூணாகப் பிரியும். அரிசி, சர்க்கரை, 30 ரூபாய் துவரம் பருப்பு, 25 ரூபாய் பாமாயில் எல்லாம் ரேஷன் கடையில். திடீரென்று தீர்ந்துபோகும் சாமான்கள் தெருமுனை மளிகைக் கடையில், கணக்கு நோட்டில் எழுதி. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் வகையறா சூப்பர் மார்க்கெட்டில், எம்ஆர்பியில் எவ்வளவு குறைச்சிருக்காங்க என்று பார்த்து.

அதே வீட்டிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கோ ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகும் பிள்ளையின் போனில், பங்கு வாங்கும் ஆப் ஒன்றும் இருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டபோது தோல் தொழில் ஆட்டம் கண்டது. அந்த மாதிரி நேரத்தில் சேமிப்பை எங்கே வைப்பது என்று யோசித்தால், இப்படித்தான் தோன்றும்: "ஷூ வாங்குறதைத் தள்ளிப்போடலாம், சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியுமா? சூப்பர் மார்க்கெட் பங்குல போட்டா சேஃப்தானே?"

பாதி சரி. மீதிப் பாதியில்தான் பலர் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

வியாபாரம் வளர்ந்தது, பங்கு?

இந்தியாவில் சூப்பர் மார்க்கெட் பங்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டிமார்ட். அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். ராதாகிஷண் தமானி 2002-ல் மும்பை பவாயில் தொடங்கிய முதல் கடை, 2017 மார்ச் முடிவில் 131 கடைகளாகவும், 2025 மார்ச் முடிவில் 415 கடைகளாகவும் வளர்ந்தது.

2017 மார்ச்சில் ஐபிஓ வந்தபோது ஒரு பங்கின் விலை 299 ரூபாய். பட்டியலான முதல் நாளே இரண்டு மடங்கைத் தாண்டியது. அன்று கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

ஆனால் 2021 அக்டோபரில் வாங்கியவரின் கதை வேறு. அப்போது பங்கு 5,900 ரூபாய் வரை போனது. 2025 மார்ச் இறுதியில் அதே பங்கு 4,000 ரூபாயை ஒட்டி நின்றது. அதாவது சுமார் 30% இறக்கம்.

இடையில் கம்பெனி படுத்துவிட்டதா? இல்லை. 2020-21 நிதியாண்டில் 1,099 கோடி ரூபாயாக இருந்த நிகர லாபம், 2024-25-ல் 2,707 கோடியானது. லாபம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகியும் பங்கு விலை இறங்கியிருக்கிறது.

ஏன் இப்படி?

காரணம், வாங்கிய விலை. 2024-25 லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பங்குக்குச் சுமார் 42 ரூபாய் வருகிறது. 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினால், ஆண்டு லாபத்தைப் போல சுமார் 95 மடங்கு கொடுக்கிறோம். சந்தையில் இதைத்தான் பி.இ. விகிதம் என்கிறார்கள்.

95 மடங்கு கொடுப்பவர், லாபம் பல வருஷத்துக்கு வேகமாக ஏறிக்கொண்டே இருக்கும் என்று முன்பணம் கட்டுகிறார் என்று அர்த்தம். அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடினாலும் மடங்கு சுருங்கும். ஐந்து வருஷத்தில் லாபம் இரட்டிப்பாகி, மடங்கு பாதியாகக் குறைந்தால் பங்கு விலை அதே இடத்தில்தான் நிற்கும். ஐந்து வருஷத்தில் லாபம் இரட்டிப்பாவதற்கே ஆண்டுக்குச் சுமார் 15% வளர்ச்சி வேண்டும்.

போட்டி எங்கிருந்து வருது?

மலிவு விலைக் கடைக்கே மலிவு விலைப் போட்டி வந்ததுதான் இப்போதைய சிக்கல். டிமார்ட்டின் பலம் எளிமையானது. பெரும்பாலும் சொந்த இடத்தில் கடை. அதனால் வாடகைச் சுமை குறைவு. சப்ளையர்களுக்குச் சீக்கிரமே பணம். அதனால் கொள்முதல் விலை குறைவு. அலங்காரம் கிடையாது. மிச்சமாவதை விலைக் குறைப்பாகக் கொடுக்கிறார்கள்.

இந்தக் கோட்டையில் ஓட்டை போட்டது பத்து நிமிட டெலிவரி. பிளிங்கிட், ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட், ஜெப்டோ போன்றவை விலையையும் குறைக்கின்றன, வீட்டுக்கும் கொண்டுவந்து தருகின்றன. இன்ஸ்டாமார்ட்டை நடத்தும் ஸ்விக்கி 2024-25-ல் மட்டும் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. முதலீட்டாளர் பணத்தில் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு தள்ளுபடி கொடுப்பவரோடு, லாபத்தில் ஓட வேண்டிய கடை மோத வேண்டியிருக்கிறது.

பெருநகரங்களில் விற்பனை அதிகமுள்ள டிமார்ட் கடைகளில் ஆன்லைன் மளிகையின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது என்று 2024 அக்டோபரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய கடைகளின் விற்பனை அந்தக் காலாண்டில் 5.5% மட்டுமே வளர்ந்தது. அடுத்து சந்தை திறந்த அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் பங்கு 8 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு போட்டியாளரும் உண்டு. ரேஷன் கடை! எந்த சூப்பர் மார்க்கெட்டாலும் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு தர முடியாது. அந்தப் பொருட்களில் தனியார் கடைக்கு மிஞ்சுவது, ரேஷன் அளவு போதாத வீடுகளும் ரகம் பார்த்து வாங்கும் வீடுகளும்தான்.

ஒரு ரூபாய் தள்ளுபடி என்ன செய்யும்?

டிமார்ட் 2024-25-ல் சுமார் 59,358 கோடி ரூபாய்க்கு விற்றது. முந்தைய ஆண்டைவிட கிட்டத்தட்ட 17% அதிகம். ஆனால் லாபம் 7% கூட ஏறவில்லை. அன்றாட நுகர்பொருட்களில் போட்டி கடுமையானதும், கடைநிலை ஊழியர்களின் சம்பளம் ஏறியதும் காரணங்கள்.

100 ரூபாய் பில்லில் கம்பெனிக்கு நிகரமாக மிஞ்சியது சுமார் 4 ரூபாய் 60 காசு. போட்டியைச் சமாளிக்க, பில்லுக்கு ஒரு ரூபாய் மட்டும் கூடுதலாகக் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கணக்கு போக, லாபத்தில் சுமார் 75 காசு போய்விடும். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது 1% தள்ளுபடி. பங்குதாரருக்குப் போவது லாபத்தில் 16%. மளிகை வியாபாரத்தில் விளிம்பு அவ்வளவு மெல்லியது.

இன்னொன்றும் இருக்கிறது. பருப்பு, எண்ணெய்க்காகக் கடைக்குள் போகிறவர் பக்கெட், பாத்திரம், நைட்டி என்று நாலு சாமான் சேர்த்து எடுப்பார். கடைக்கு அதிக லாபம் தருவது அவைதான். பருப்பை ஆப்பில் ஆர்டர் போட்டுவிட்டால் அந்தப் பக்கெட்டும் விற்காது.

தள்ளுபடியே மூழ்கடிச்ச கதையும் உண்டு

சென்னைக்காரர்களுக்கு சுபிக்‌ஷா மறந்திருக்காது. 1997-ல் தொடங்கிய தள்ளுபடி மளிகைக் கடை, நாடு முழுக்க சுமார் 1,600 கடைகளாகப் பரவியது. கடன் வாங்கிக் கடை திறந்த வேகத்துக்குக் கையில் ரொக்கம் இல்லை. 2009 தொடக்கத்தில் சம்பளமும் சப்ளையர் பாக்கியும் கொடுக்க முடியாமல் ஷட்டர்கள் இறங்கின. அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனமே 2008-ல்தான் 230 கோடி ரூபாய் கொடுத்து 10% பங்கு வாங்கியிருந்தது.

பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் ரீடெயில், பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. 2022-ல் திவால் நடவடிக்கைக்குள் போன அதை, 2024-ல் கலைத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. இப்படி மூடும்போது வங்கிகள், ஊழியர்கள், சப்ளையர்கள் என எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிச்சமிருந்தால்தான் பங்குதாரருக்கு. பெரும்பாலும் மிச்சமிருக்காது.

வெளிநாட்டிலும் இதேதான். பிரிட்டனின் பெரிய சூப்பர் மார்க்கெட்டான டெஸ்கோவில் வாரன் பஃபெட் முதலீடு செய்திருந்தார். ஆல்டி, லிடில் என்ற ஜெர்மன் மலிவு விலைக் கடைகள் வாடிக்கையாளர்களை இழுத்தன. 2014-ல் டெஸ்கோவின் கணக்கிலும் குளறுபடி வெளியே வந்தது. பஃபெட்டின் கம்பெனிக்கு வரி போக 44.4 கோடி டாலர் நஷ்டம். சந்தேகம் வந்த பிறகும் விற்கத் தாமதித்ததே தன் தவறு என்று பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படியில்லை. டிமார்ட்டுக்கும் சுபிக்‌ஷாவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று லாபத்தில் இருந்து கடை திறக்கிறது, இன்னொன்று கடனில் திறந்தது. நல்ல கம்பெனியா என்பது முதல் கேள்வி. இந்த விலைக்கு வாங்கலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்ததும் இரண்டாவதைக் கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

வாங்கும் முன் நாலு விஷயம் பார்க்கலாம்:

- பழைய கடைகளின் விற்பனை வளர்ச்சி: புதுக் கடை திறந்தால் மொத்த விற்பனை தானாக ஏறும். பழைய கடையில் ஏறுகிறதா என்பதுதான் போட்டியின் உண்மையான தாக்கத்தைக் காட்டும்.
- விற்பனையும் லாபமும் சேர்ந்து ஏறுதா: விற்பனை 17%, லாபம் 7% என்றால் இடைவெளி எங்கே போனது என்று தேட வேண்டும்.
- கடன்: கடை திறக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?
- ஐபிஓ பணம் யாருக்கு: 2024 டிசம்பரில் வந்த விஷால் மெகா மார்ட்டின் 8,000 கோடி ரூபாய் ஐபிஓ முழுக்க, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர் விற்றது. அதில் கடை திறக்கக் கம்பெனிக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. இது தவறல்ல, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

தோல் தொழிலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கும் முக்கியம். ஏற்றுமதி ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றால், அவசரத்துக்குப் பங்கை விற்க வேண்டி வரும். அந்த நேரம் சந்தையும் இறங்கியிருக்கலாம். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருந்தால், நஷ்டத்தில் விற்கும் நிலை வராது.

வாலாஜாபேட்டைக் குடும்பம் ஒரே சோப்புக்கு மூணு கடையில் விலை விசாரித்துத்தான் வாங்குகிறது. அந்தக் கடையின் பங்கை வாங்கும்போதும் அதே விசாரணை வேண்டும்.

*(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே, எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை. முதலீட்டுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்துகொள்ளவும்.)*